ஏழு பேரின் குரல் இருந்த இடத்தில் என் வயலின்

இன்று மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் எட்டுப் பெண்கள் முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டே அவர்கள் பாடியபோது நான் எடுத்த வீடியோ அதில் இருந்தது. சின்னம்மா அக்கா ஓர் அடி பாடினால், மற்ற ஏழு பேரும் சேர்ந்து பதில் பாடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் அந்த வீடியோ திரையில் ஓடும். முன்னால் நானும், பெரிய வயலின் போலிருக்கும் செலோவை வாசிக்கும் நண்பரும் வாசிப்போம். இவர்கள் சரி என்றால்தான்.

ஏழு பேரின் குரலை வெட்டிவிட்டு, அங்கெல்லாம் என் வயலினை வைத்திருந்தேன். இதுதான் நல்ல யோசனை என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்தது. ஏழு பேரும் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

சின்னம்மா அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாப்பா, இவளுங்க கொரலு எங்க?”

“அந்த எடத்துல வயலின் பதில் சொல்லுதுக்கா.”

“நாளைக்கு நான் பாட்டெடுத்தா எவ வாயத் தொறப்பா? கொல்லைக்கு ஒன் வயலினா வரும்?”

லேப்டாப்பை மூடினேன்.

“திரும்பச் சேத்துடறேங்க்கா.”

“அத அவளுங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு. காலைல ஏழு மணிக்குக் கொல்லைக்கு வா. கூட வாசிக்கறவரையும் இட்டுனு வா. ஆளுக்கு ஒரு களக்கொத்து தரேன்.”

சரி என்று சொல்லிவிட்டேன்.

நண்பருக்கு இன்னும் தெரியாது. செலோவைத் தூக்கவே ஆள் தேடுகிறவர். யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்லுங்களேன்.