பெரட்டில் பேர் இல்லாத பெட்டி

சிங்காரமும் மகள் தனுஜாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கணினியின் லாக் பதிவில் ஒரு வரியை வாசித்தது.

சிங்காரம் தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாலிஎலைக்கு மேலே, தோட்டத்துப் படிப்பு நிலையத்தின் பழைய யுனிக்ஸ் கணினியைப் பார்த்துக்கொண்டார். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்கு இணையம் அதன் வழியேதான் போனது. சந்தேகம் வந்தால் கொழும்புக்குப் போன் போடுவார். தனுஜா அங்கே நெட்வொர்க் இன்ஜினியர். அன்றும் போட்டார்.

“தெரியாத ரவுட்டர் பாக்கெட் அனுப்புதாம். லாக்குல இப்புடியே போடுதும்மா.”

“பெரட்ட நெனைச்சுக்கங்கப்பா.”

அது அவர்கள் இருவருக்குள் உண்டான பேச்சு. காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டைப் போலத்தான், ஒவ்வொரு ரவுட்டரும் தன் பாதைகளைச் சொல்லி அடிக்கடி குரல் கொடுக்கும். குரல் நின்றால் பேர் வெட்டு.

“அப்ப தோட்டத்துல வேற டிவிசன் ஆளு நம்ம பெரட்டுல வந்து நிக்கிறான்!”

“அதேதான். முகவரி நம்ம வரிசையில இல்ல. அது என்ன சொன்னாலும் கணினி காதுல வாங்காது. எந்த ரவுட்டர் பெட்டி?”

“மேல் லயத்துல புதுசா வச்சது. மாத்திடுறேன்.”

அந்த வாரமே சிங்காரம் மாரடைப்பில் போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் தனுஜா நிலையத்துக்குப் போனாள். அப்பாவின் நாற்காலியில் ஸித்தி ஸுபைதா உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் டீச்சர். திரையில் அதே வரி.

“இது என்னன்னு தெரியுமா?” தனுஜா கேட்டாள்.

“வேற டிவிசன் ஆளு பெரட்டுல நிக்கிறான். ஐயா சொல்லித் தந்தது.”

தனுஜாவுக்கு வயிறு எரிந்தது. போனில் அப்பாவுக்குத் தான் கட்டிக்கொடுத்த பெரட்டு உவமை, இவளுக்கு நேரில், பிளேன்டீயோடு கிடைத்திருக்கிறது.

“அது நான் அப்பாவுக்குச் சொன்னது.”

“தெரியுமே. ‘எங்க தனு சொன்னா’ன்னு சொல்லாம ஒரு நாளும் தொடங்க மாட்டாரு. கேட்டுக் கேட்டு எனக்கே பொறாம வந்துருச்சு.”

தனுஜாவுக்கு ஆறவில்லை. கேட்டுக் கேட்டு என்கிறாள். தினமும் கேட்டிருக்கிறாள்.

“பெட்டி மேல் லயத்து ரெங்கம்மா வீட்டுக் கூரையில இருக்கு. ஏறி, பெட்டியில கேபிள் குத்தித்தான் முகவரிய மாத்தணும். மழை விடட்டும்னு ஐயா சொன்னாரு. மேல் லயத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் இன்டர்நெட் லைன் இல்ல.”

“நான் போறேன்.”

“நானும் வாறேன்.”

“வேணாம்.”

“அப்ப ஏணிய யாரு புடிக்கிறது? ஐயா பெட்டிய வச்சப்பவும் நான்தானே புடிச்சேன்.”

அதையும் இவள்தான் செய்திருக்கிறாள்.

மழை விட்டிருந்தது; இருவரும் இன்னும் கிளம்பவில்லை. மேல் லயத்துப் பெட்டியில் முகவரி இன்னும் மாறவில்லை.