சுண்டு விரலும் சைக்கிள் இருக்கையும்

கோலா கிளாவாங் நோக்கி இறங்கும் மலைச்சாலையின் மூன்றாவது வளைவில் என் வலது கை பிரேக்கைப் பிடிக்கவில்லை. விரல்கள் பிரேக் பிடியின் மேல்தான் இருந்தன. கண்ணால் பார்த்தேன். ஆனால் நான் சொன்னது அவற்றுக்குப் போய்ச் சேரவில்லை. இடது கைப் பிரேக்கை மட்டும் இழுத்தேன். பின்சக்கரம் சறுக்கியது. சாலையோரத்து லாலான் புல்லுக்குள் சைக்கிளோடு போய் விழுந்தேன்.

பெரிய அடி இல்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பின்னால் வந்த மலர் பதறிப்போய் இறங்கினாள். அவள் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் ஐந்து பெண்களில் அவள்தான் எல்லோரையும் கூட்டிச் சேர்ப்பவள்.

"என்னாச்சுக்கா? மணல்ல சறுக்கிருச்சா?"

"ஆமாலா, மணல்தான்" என்றேன்.

அங்கே மணலே இல்லை. வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் ஒரு மாதமாகவே மரத்துப் போய்க்கொண்டிருந்தன. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. மலேசியாவில் ரெம்பாவ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். என் அண்ணன் செல்வத்துக்கும் அதேதான். அவருக்கு முதலில் பாதம் மரத்தது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து போயிருக்கிறார். அப்புறம் ஒரு சின்னப் புண். இப்போது அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மரத்துப்போனது என்பது எங்கள் குடும்பத்தில் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை இல்லை.

அண்ணனுக்குக் காலை எடுத்த பிறகுதான் நான் சைக்கிளில் ஏறினேன். என் கொழுந்தனார் வாங்கி ஓட்டாமல் போட்டிருந்த சைக்கிள் அது. இரண்டு வருடத்தில் என் மூன்று மாதச் சர்க்கரை அளவு (கடந்த மூன்று மாதத்து இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) நன்றாக இறங்கியது. ஒரு மாத்திரையைக் குறைத்தார்கள். என் உடம்பை நானே காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்திருந்த நேரம். அப்போது போய் விரல் மரத்துப்போனால் யாரிடம் சொல்வது?

விழுந்த பிறகும் மூன்று வாரம் மறைத்தேன். அலுவலகத்தில் உரம் வைக்கும் ஸ்டோரின் பூட்டைத் திறக்கச் சாவியைத் திருப்ப முடியவில்லை. இடது கையால் திறந்தேன். பேனா நழுவியது. ஒருநாள் இட்லி மாவுப் பாத்திரத்தை நான் தூக்கியபோது அது கையிலிருந்து போயே போய்விட்டது. தரையெல்லாம் மாவு. என் கணவர் மணியம் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். மாவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"அந்த சைக்கிள நிறுத்து கோமதி. போதும்."

"சைக்கிளால வந்ததுன்னு யார் சொன்னா? சக்கரையால வந்திருந்தா?"

இரண்டு பேருக்கும் அண்ணன் ஞாபகம்தான். மறுநாள் காலை அவர் லாரிக்குப் போகாமல் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்.

அங்கிருந்து சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். நரம்புப் பிரிவின் நடைவழியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் இளம் பெண். தமிழ்ப்பெண். முதலில் என் கைகளைத் தொடவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதங்களில் பத்து இடத்தில் குத்தினார். கண்ணை மூடிக்கொண்டே பத்து இடத்தையும் சரியாகச் சொன்னேன். பிறகு ஒரு தாளைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லி இழுத்தார். இடது கை பிடித்துக்கொண்டது. வலது கையில் கட்டை விரல் மடங்கி, தாள் அவர் பக்கம் போய்விட்டது.

நரம்புக் கடத்தல் சோதனையும் (நரம்பில் சிறு மின்துடிப்பு கொடுத்து அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது) அன்றே நடந்தது. வலிக்காது என்று சொல்ல மாட்டேன். சுண்டி இழுக்கும். தாங்க முடியும்.

"ஆண்ட்டி, உங்க கால் நரம்பு நல்லா இருக்கு. சக்கரையால வர்றது பெரும்பாலும் கால்லதான் மொதல்ல தெரியும்" என்றார் மருத்துவர். "இது அல்நார் நரம்பு. மணிக்கட்டுல நசுங்குது."

அல்நார் நரம்பு (முழங்கை வழியாக இறங்கிச் சுண்டு விரலுக்கும் பாதி மோதிர விரலுக்கும் போகிறது) உள்ளங்கையின் அடியில் ஒரு குறுகலான இடத்தில் நுழைகிறதாம். அந்த இடத்தை வைத்துத்தான் நான் சைக்கிள் கைப்பிடியில் சாய்ந்திருந்தேன்.

"அப்ப சக்கரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?"

"அப்படியும் சொல்ல முடியாது. சக்கரை இருக்கிறவங்க நரம்பு அழுத்தத்த அவ்வளவா தாங்காது. மத்தவங்களுக்கு ரெண்டு நாள்ல சரியாகுறது உங்களுக்கு மாசக்கணக்கா ஆகலாம்." கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையைத் தடவிக் காட்டினார். லேசாகக் குழிந்திருந்தது. "தசை மெலிய ஆரம்பிச்சிருக்கு. ஆறு வாரம் சைக்கிள் வேணாம்."

"அதுக்கப்புறம்?"

"ஏறலாம். ஆனா ஏன் இவ்வளவு பாரம் கைக்கு வருதுன்னு கண்டுபிடிக்காம ஏறாதீங்க. திரும்ப வந்தா இந்தத் தசை வராமலே போயிரலாம்."

அந்த ஆறு வாரம் தோட்டத்து மண்சாலையில் நடந்தேன். நடப்பது எனக்குப் பிடிக்காது என்பதை முழுசாகத் தெரிந்துகொண்டேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியது. அந்த எண்ணைப் பார்த்த அன்று முடிவு செய்தேன்: சைக்கிளை விடுவதில்லை. ஆனால் பழைய மாதிரி ஏறுவதும் இல்லை.

சைக்கிள் பொருத்தம் பார்க்கிற இடம் ஒன்று சிரம்பானில் இருப்பதாக மலர் சொன்னாள். ஓட்டுகிறவரின் உடம்பை அளந்து, அதற்கேற்றபடி இருக்கை, கைப்பிடி, மிதி எல்லாவற்றையும் மாற்றி அமைப்பார்கள். நான் வீட்டில் சொன்னபோது மணியம் சிரித்துவிட்டார்.

"சைக்கிள்ல உக்கார்றதுக்கு ஆள் வச்சா சொல்லிக் குடுப்பாங்க? பந்தயம் ஓட்டுறவனுக்குள்ளது லா அது."

"உங்க லாரி சீட்ட முதுகு வலிக்குதுன்னு எத்தன தடவ மாத்துனீங்க?"

சனிக்கிழமை அவரே சைக்கிளை வேனில் ஏற்றிக் கட்டினார்.

பொருத்துநர் ஷாலினி முன்பு இயன்முறை மருத்துவம் (உடற்பயிற்சியாலும் அசைவுகளாலும் குணப்படுத்துவது) பார்த்தவர். சைக்கிளைத் தொடுவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் கேள்விதான். எவ்வளவு தூரம், எந்தச் சாலை, பழைய அடிகள், வேலை. பிறகு கேட்டார்.

"கை சொன்னீங்க. வேற எங்க வலிக்குது அக்கா? எல்லாத்தையும் சொல்லணும்."

"வேற ஒன்னும் இல்ல."

ஷாலினி என்னைப் பார்த்தார். பிறகு மணியத்தைப் பார்த்தார். "அண்ணே, கீழ கடையில டீ நல்லா இருக்கும். ஒரு அர மணி நேரம் கழிச்சு வாங்களேன்."

அவர் போன பிறகு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். இருக்கை உராய்ந்து முன்பக்கத்தில் புண்ணாகும். சில நாள் மரத்துப்போகும். சிறுநீர் போகும்போது எரியும். இரண்டு வருடமாக இப்படித்தான். மருத்துவரிடம் சொல்லவில்லை. மலரிடமும் சொல்லவில்லை. சைக்கிள் ஓட்டினால் அப்படித்தான் இருக்கும் போல என்று பொறுத்துக்கொண்டேன்.

ஷாலினி முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எழுந்து போய் நீர்மட்டத்தை (கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, குமிழி மிதக்கும் கருவி) எடுத்து என் சைக்கிள் இருக்கையின் மேல் வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடியது. இருக்கையின் முன்முனை நன்றாகக் கீழே சாய்ந்திருந்தது.

"இத யாரு இப்படி இறக்கி வச்சது?"

"நான்தான். வலி தாங்காம. கொஞ்சம் கொஞ்சமா."

"அதான் அக்கா. சீட்டு சாஞ்சிருந்தா நீங்க முன்னால வழுக்கி வருவீங்க. வழுக்காம இருக்க ரெண்டு கையையும் ஊனித் தள்ளிக்கிட்டே ஓட்டியிருக்கீங்க. ரெண்டு வருசமா."

வெட்கப்பட்டு ஓர் இடத்தின் வலியை மறைக்கப் போய், அதைக் கைக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. கோபம்தான் அதிகம்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பஞ்சு போன்ற ஓர் அட்டையில் உட்காரவைத்து, உட்காரும் எலும்புகளின் இடைவெளியை அளந்தார். என் இருக்கை எனக்கு மிகவும் ஒடுக்கம். அகலமான, நடுவில் பள்ளம் உள்ள வேறொன்றைப் போட்டு மட்டமாக வைத்தார். கொழுந்தனாருக்குப் பொருந்திய கைப்பிடி எனக்கு எட்டத்தில் இருந்தது. அதைக் கிட்டே கொண்டுவந்து உயர்த்தினார். சிறிய விரல்களுக்கு எட்டும்படி பிரேக் பிடிகளை உள்ளே தள்ளினார். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றிலும் புள்ளி ஒட்டி, நிலையாக நிறுத்திய சைக்கிளில் மிதிக்கவிட்டுக் கோணம் பார்த்தார்.

மணியம் திரும்பி வந்தபோது நான் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். "லாரி ஓட்டுற மாதிரி உக்காந்திருக்க" என்றார். அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

கிளம்பும்போது ஷாலினி ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். "இது நரம்ப குணப்படுத்தாது அக்கா. மறுபடி நசுக்காம பாத்துக்கும், அவ்வளவுதான். குணமாகுறது உங்க உடம்போட வேல. அப்புறம், அந்த எரிச்சல கிளினிக்ல சொல்லிருங்க. வெக்கப்படாதீங்க."

சொன்னேன். சிறுநீரில் தொற்று இருந்தது. ஒரு வார மாத்திரையில் போய்விட்டது. இரண்டு வருடம் சுமந்ததற்கு ஒரு வாரம்.

கை அப்படி இல்லை. புதிய அமைப்பில் ஓட்டிய இரண்டாம் வாரமே வலது முழங்காலின் முன்பக்கம் வலித்தது. பயந்து ஷாலினியிடம் போனேன். இருக்கையைச் சில மில்லிமீட்டர் உயர்த்தினார், வலி நின்றது. விரல்களுக்குத் தினமும் பயிற்சி செய்தேன். துணிக் கிளிப்பை அழுத்துவது, ரப்பர் வளையத்தை விரித்துப் பிடிப்பது, அரிசிப் பாத்திரத்துக்குள் கையை விட்டுப் பிசைவது. மூன்று மாதம் எந்த மாற்றமும் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த மூன்று மாதத்தில் இருந்தால், ஒன்று சொல்வேன்: மாற்றம் இல்லையென்று பயிற்சியை விடாதீர்கள். நான் இரண்டு முறை விட்டேன். இரண்டு முறையும் வெறும் பிடிவாதத்தால்தான் திரும்ப ஆரம்பித்தேன்.

நான்காம் மாதம் சுண்டு விரலில் ஊசி குத்துவது போல் வலித்தது. முற்றிவிட்டது என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மருத்துவர் சிரித்தார். "வலிக்குதா? நல்லது ஆண்ட்டி. நரம்பு முழிச்சிருச்சு." மறுபடி தாளைப் பிடிக்கச் சொன்னார். இழுத்தார். தாள் கிழிந்தது.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். சுண்டு விரலின் நுனி இன்னும் மந்தம்தான். கையின் குழி பாதி நிரம்பியிருக்கிறது. மீதி வருமா என்று மருத்துவருக்கும் தெரியவில்லை. சர்க்கரை பழைய இடத்துக்கு இறங்கியிருக்கிறது.

போன மாதம் ஐந்து பேரும் புக்கிட் பெலண்டோக் வரை போனோம். சாலையோரக் கடையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மலர் உட்காராமல் நின்றுகொண்டே குடிப்பதைக் கவனித்தேன். எப்போதும் அப்படித்தான் நிற்பாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"மலர், சீட்டு ஒரசுதா?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன்.

அவள் முகம் சிவந்தது. கடைக்காரர் உள்ளே போகும் வரை காத்திருந்தாள். "உங்களுக்கும் இருந்துச்சாக்கா?"

"ரெண்டு வருசம்."

மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி ஆரம்பித்தாள். அடுத்தவள் தொடர்ந்தாள். இளநீர் தீர்ந்து வெகு நேரமாகியும் யாரும் எழவில்லை.

முன்பெல்லாம் என் உடம்பைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்வதுதான் பயணம். இப்போது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு கையாக எடுத்து உதறி, கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வோர் இடமாக விசாரித்துவிட்டுப் போகிறேன். எந்த இடம் பேசினாலும் நிறுத்துகிறேன். அன்று திரும்பும் வழியில் நான்கு பேரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். செம்பனை வரிசைகளுக்கு நடுவே அந்தச் சாலை எனக்கு மட்டுமாக இருந்தது. வீடு இன்னும் தொலைவில்தான் இருந்தது. எனக்கு அவசரம் இல்லை.