தத்துவம் படித்த மாப்பிள்ளை

அக்காவின் பேத்தி பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கப் போகிறாளாம். போன ஞாயிறு ஈப்போவில், அக்கா வீட்டில் கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தபோது பேத்தியே சொன்னாள். எனக்குப் பகீர் என்றது. "அதப் படிச்சா யாரும்மா வேலை கொடுப்பா?" என்று கேட்டுவிட்டேன். சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. வேறு சொத்து இருந்ததில்லை.

அந்தக் கருங்கோப்பியின் மணம்தான் என்னை எழுபதுகளுக்கு இழுத்துப் போனது. கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கும் அம்மா இதையேதான் கலக்கினாள். அவர் மெட்ராசில் தத்துவம் படித்துவிட்டு வந்து, ஈப்போவில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார்.

சித்தப்பாவுக்கு முந்தின வாரமே தூக்கம் போய்விட்டது. "அது சாமியாராப் போற படிப்பா, இல்ல கம்யூனிஸ்டுப் படிப்பா?" என்று அப்பாவைக் குடைந்தார். எதுவானாலும் பெண் நடுத்தெருவில் நிற்பாள் என்பது அவர் பயம். அவர் வந்த அன்று திரைக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்த்த எனக்கும் சந்தேகம்தான். மனிதர் பிஸ்கட்டைத் தொடவே இல்லை. பிஸ்கட்டைத் தொடாதவரை எப்படி நம்புவது?

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. நர்ஸ் உடுப்புக்காக அவள் ஏங்கிக் கிடந்தாள். அதைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் மூச்சு விடக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

பெரியவர்கள் நாள் குறிக்கப் பேச ஆரம்பித்ததும் மாப்பிள்ளை குறுக்கிட்டார். "அவங்கள யாரும் கேக்கலயே." கோப்பித் தட்டோடு நின்ற அக்காவிடம் திரும்பி, "ஒங்களுக்கு இஷ்டமா? இல்லன்னாலும் சொல்லலாம்" என்றார்.

அக்கா தரையைப் பார்த்தபடி, "நான் மிஸ்ஸி படிக்கப் போவணும்" என்றாள்.

"அப்ப அதப் படிங்க" என்று எழுந்துவிட்டார். கோப்பியை மட்டும் முழுசாகக் குடித்திருந்தார்.

அம்மா அழுதாள். சித்தப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார்: "மெட்ராஸ்ல எவளோ இருக்கா. கழண்டுக்க வழி தேடியிருக்கான்லா." தோட்டமே அதை நம்பியது. நானும் நம்பினேன். பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு ஊர்வாய்க்குத் தீனி போடுவானேன் என்று அப்பா அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். மாப்பிள்ளை உட்கார்ந்த இடம் இதுதான் என்று காட்ட ஒரு கல்கூட இல்லை. அவர் பிறகு என்ன ஆனார் என்றும் தெரியாது.

மிஸ்ஸியாகவே இருந்து ஓய்வு பெற்ற அக்கா, பேத்திக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் விடவில்லை. "உண்மையச் சொல்லுக்கா. அந்த ஆளுக்கு மெட்ராஸ்ல ஒருத்தி இருந்திருப்பாதானே?"

"இருந்திருக்கலாம்" என்றாள் அக்கா. "ஆனா அன்னிக்கு அந்த வீட்டுல, என்னைய ஒரு வார்த்த கேட்டது அவரு ஒருத்தர்தான்."