மூலைக்கு மூலை அரிசி

யசோதராவுக்குத் தூசி ஆகாது. நோய் என்று நினைத்துவிடாதீர்கள், பகை. கட்டட வேலை முடிந்த வீடுகளுக்குள் போய், பூச்சுக்காரரும் தச்சரும் விட்டுப்போன அழுக்கையெல்லாம் துடைத்து, வீட்டுக்காரர் வருமுன் கதவைப் பூட்டிவிட்டு வருவது அவளுடைய வேலை. சுவிஸின் சூக் நகரில் அவள் துடைத்த சன்னல்கள் வழியாக ஏரியைப் பார்த்தால், நடுவில் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். ஒருமுறை ஒரு காகம் அந்தச் சந்தேகத்தை மூக்காலேயே தீர்த்துக்கொண்டது.

இத்தனை புது வீடுகளைத் துடைத்தவள், அவற்றில் ஒன்றிலாவது ஆட்கள் குடிவந்ததைக் கண்டதில்லை. அவர்கள் திறப்பைப் போட்டுக் கதவைத் திறக்கும் நேரத்தில் அவள் திரிம்பாக்கில் தன்னுடைய வாடகை வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருப்பாள்.

தமிழர் யாராவது புது வீடு புகுந்தால் குடிபூரலுக்கு அழைப்பு வரும், போவாள். காய்கறி வெட்டுவாள், பாத்திரம் கழுவுவாள். பால் பொங்குகிற நேரத்தில் மட்டும் அவளை அடுப்படியில் காண முடியாது. பல்கனியில் போய் நிற்பாள். அவளுக்கும் சிவலிங்கத்துக்கும் பிள்ளை இல்லை. நல்ல காரியத்தில் பிள்ளை இல்லாதவள் முன்னுக்கு நிற்கலாமா என்று யாரும் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. கேட்க இடம் வைக்காமல் அவளே விலகிவிடுவாள். அதற்கென்று ஒரு கெட்டித்தனம்! பார்த்திருப்பவர்களுக்குத்தான் கோபம் வரும்.

இந்த வசந்தத்தில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீட்டு வேலை வந்தது. பழைய வீடு, சமையலறையிலிருந்து தரை வரைக்கும் புதிதாக்கியிருந்தார்கள். வீட்டுக்காரி ஹுயீ லிங், பினாங்குச் சீனப்பெண். புருஷன் ரேத்தோ சுவிஸ்காரன். புதன்கிழமை யசோதரா துடைத்துக்கொண்டிருந்தபோது ஹுயீ லிங் நிறைமாத வயிற்றோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றாள். ஆரஞ்சு நிறத் தோடம்பழம் ஒன்றை மட்டும் உள்ளே நீட்டினாள்.

“உள்ளே வாங்களேன்” என்று யசோதரா டொச் என்கிற ஜெர்மன் பாஷையில் கூப்பிட்டாள்.

அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். சுத்தியலும் ஆணியும் புழங்குகிற வீட்டுக்குள் கர்ப்பிணி கால் வைக்கக்கூடாதாம். குடிபோகிற நாள் வரைக்கும் அப்பா விடமாட்டாராம். லாரி ஓட்டி ஓய்ந்த அந்த மனுஷர் மகளின் பிரசவத்துக்காகப் பினாங்கிலிருந்து வந்திருக்கிறார். தாய் உயிரோடு இல்லாததால் சடங்குகளெல்லாம் அவர் தலையில். வேலை தொடங்குகிற அன்று பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்து, வீட்டு மூலைகளில் அவர்தான் சுத்தியலால் முதல் தட்டுத் தட்டியிருக்கிறார். நல்ல நேரம், சத்தம் போடக்கூடாத மத்தியான ஓய்வு நேரத்தில் விழுந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிடுவாளோ என்ற பயத்தில் ரேத்தோ சுத்தியலுக்குத் துவாய் சுற்றிக் கொடுத்தானாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு யசோதராவுக்குப் பிடித்துப்போயிற்று. போன வருஷம் ஒரு பிள்ளை தங்கவில்லை, அதனால்தான் அப்பா இவ்வளவு பார்க்கிறார் என்று சொல்லும்போது அந்தச் சிரிப்பு இல்லை. அவள் போன பிறகு யசோதரா, பிள்ளைக்கென்று மஞ்சள் வர்ணம் பூசியிருந்த சின்ன அறையை இன்னொருமுறை துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வைக்காரன் பானுஜன் தொலைபேசியில் பிடித்தான். “அன்ரி, எலெக்ட்ரிக்காரர் நேற்றுக் காலமை திரும்ப வந்து லைற் பூட்டினவை. தூசி கிடக்கும். ஒருக்கா ஓடிப்போய்ப் பாத்துவிடுங்கோ. நாளைக்குக் காலமை ஆக்கள் குடிவருகினம்.”

போனாள். லைற் தூசி கொஞ்சம்தான். ஆனால் மூலைக்கு மூலை அரிசியும் உப்பும் தேயிலைத்தூளும் பயறும்! வேலைக்காரர் சாப்பிட்டுக் கொட்டியது என்று எண்ணினாள். வாய்க்குள் நன்றாகத் திட்டிக்கொண்டு, வாக்கூம் மெஷினை ஒரு மூலை விடாமல் ஓட்டினாள். மஞ்சள் அறையில் கதவிடுக்கில் கிடந்த பயறு ஒன்றைக்கூட நகத்தால் தோண்டி எடுத்தாள்.

பின்னேரம் வீட்டில் சோறு போட்டபடி அதைச் சொன்னபோது சிவலிங்கத்தின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது. அவன் ஓல்ட்டனில் ஒரு சீன உணவகத்தின் சமையலறையில் வேலை.

“அரிசி, உப்பு, தேயிலை, பயறு... நாலும் ஒரே மூலைக்கயோ?”

“ஓம். ஏன்?”

“என்னப்பா வேலை பாத்தனீர்! எங்கட முதலாளி கடையைத் திருத்தித் திறக்கேக்க இதைத்தானே எறிஞ்சவர். கெட்டது போக வேணும், நல்லது வந்து தங்க வேணும் எண்டு. பிறகு மூண்டு நாளைக்கு ஒருத்தரையும் விளக்குமாறு தொட விடேல்லை.”

யசோதரா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை தங்க வேண்டும் என்று அந்த அப்பா போட்ட அரிசி. அதைப் போய், ஊர் முழுக்க ஆட்கள் இருக்க, பிள்ளை இல்லாத ஒருத்தியின் கையா வழித்தெடுக்க வேண்டும்?

“என்ர கையப்பா” என்றாள். “என்ர கைதான் கூட்டி அள்ளினது.”

“விசர்க் கதை கதையாதையும்” என்றான் சிவலிங்கம். ஆனால் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டான்.

சனிக்கிழமை விடிந்ததும் வீட்டில் இருந்த சிவப்பரிசியை ஒரு பையில் கட்டினாள். உப்பு, பயறு, தேயிலை எல்லாம் தனித்தனிக் காகிதச் சரை. முதல் ரயிலில் சூக் போய் இறங்கினாள். வேலைத் திறப்பு இன்னும் அவளிடம்தான் இருந்தது. திறந்து போய் மூலைகளில் போட்டுவிட்டு வந்தால் ஒரு குருவிக்கும் தெரியாது. அந்த யோசனையோடுதான் வந்திருந்தாள். திறப்பைப் பூட்டில் வைத்தும்விட்டாள். ஆனால் கூட்டி அள்ளிய அதே கையால் போட மனம் வரவில்லை. திறப்பை உருவிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

சொன்ன நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். முன்னுக்கு ஹுயீ லிங்கின் அப்பா, அந்தக் கிழவர், கையில் சிவப்புத்தாள் ஒட்டிய அரிசி வாளி. பின்னால் ரேத்தோ, ஒரு கையில் கேத்தில், மறு கையில் அன்னாசிப்பழம். ஹுயீ லிங் தேசிப்பழக் கூடையோடு. அன்றைக்கு அந்த வீட்டுக்குள் ஒருத்தரும் வெறுங்கையோடு போகக்கூடாது.

யசோதரா எழுந்து, தெரிந்த டொச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். நடந்ததை மறைக்கவில்லை, குறைக்கவும் இல்லை. கடைசியில் சொல்ல வேண்டியிராத ஒன்றையும் சொன்னாள். “எனக்குப் பிள்ளை இல்லை. என்னுடைய கை பட்டிருக்கக்கூடாது.”

ஹுயீ லிங்கின் கை வயிற்றுக்குப் போயிற்று. அவள் தகப்பனிடம் தங்கள் பாஷையில் சொல்ல, கிழவரின் முகம் இறுகியது. கதவைப் பார்த்தார். மகளின் வயிற்றைப் பார்த்தார். கைமணிக்கூட்டைப் பார்த்தார். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு யசோதராவின் கையிலிருந்த பையைக் காட்டி, தமிழில் கேட்டார்.

“தங்கச்சி, இது என்னா?”

யசோதராவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரோடு வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர்கள் பினாங்குத் தமிழர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது பையைத் திறந்து காட்ட மட்டும்தான் முடிந்தது.

“சிவப்பு!” என்றார் கிழவர். விரலால் கிண்டிப் பார்த்தார். “சிவப்பு நல்லது. ரொம்ப நல்லது. ஒன் வீட்டு அரிசியா?”

“ஓம் ஐயா.”

“தினம் சோறு ஆக்குவியா?”

“தினமும்.”

“பானை காஞ்சு கெடந்திச்சா, எப்பயாவது?”

யசோதரா யோசித்தாள். அகதிமுகாமில் இருந்த காலத்திலும், சிவலிங்கத்துக்கு வேலை போன குளிர்காலத்திலும் ஒருவேளைச் சோறு இருந்தது. வந்தவர்களுக்கும் இருந்தது. “இல்லை ஐயா” என்றாள்.

“அப்போ வா” என்றார் கிழவர், அதோடு பேச்சு முடிந்தது என்பதுபோல.

கதவு திறந்தது. ரேத்தோ அன்னாசியை உருட்டிவிட, செல்வத்தை உருட்டிக்கொண்டு வர வேண்டிய பழம் சுவரில் முட்டிச் சப்பாத்துத் தட்டுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. சன்னலெல்லாம் திறந்தார்கள், விளக்கெல்லாம் போட்டார்கள். அறை அறையாகக் கிழவர் சிவப்பரிசியை எறிந்துகொண்டு போனார். மஞ்சள் அறை வாசலில் நின்று, மிச்சப் பையை யசோதராவிடம் நீட்டினார்.

அவள் பின்வாங்கினாள். ஹுயீ லிங் அவளுடைய கையைப் பிடித்து, அரிசியை அள்ளி அதற்குள் வைத்து மூடிவிட்டாள். “நீங்கள் போடுங்கள். எனக்கு ஆசை.”

போட்டாள். நாலு மூலைக்கும் போட்டாள். கண்ணீர் நிற்கவில்லை, அவளும் மறைக்கவில்லை. ரேத்தோ நடக்க நடக்கப் புதுத் தரையில் அரிசி நெறுநெறுத்தது. அதைக் கேட்டு அவளுடைய கை பழக்கதோஷத்தில் விளக்குமாறைத் தேட, கிழவர் விரலை ஆட்டினார். “மூணு நாளு! மூணு நாளு கழிச்சு வந்து நீயே கூட்டு.”

கேத்திலில் தண்ணீர் கொதித்தது. கிழவருக்கு வேறு ஞாபகம் வந்தது. “ஒங்க ஆளுங்க பால் வைப்பாங்கதானே?” ரேத்தோ தன் கோப்பிக்கென்று முதுகுப்பையில் கொண்டுவந்த பால் பெட்டியை அவரே எடுத்து ஒரு சட்டியில் கவிழ்த்து, யசோதராவிடம் அடுப்பைக் காட்டினார்.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். பால் நுரைத்து ஏறி, அவள் புதன்கிழமை தேய்த்துத் தேய்த்து மினுக்கிய அடுப்புக் கண்ணாடியில் பொங்கி வழிந்தது. துணி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. ஏரிக்காற்று வர, பல்கனிக் கதவும் அகலத் திறந்துதான் கிடந்தது. யசோதரா அடுப்படியிலேயே நின்றாள்.