காதுக்காரியின் கணினிக்குள் யாரோ

மருத்துவமனையில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. நோயாளியைப் பார்த்துவிட்டு, நடந்துகொண்டும் எதையாவது மென்றுகொண்டும் டாக்டர்கள் ஒலிப்பதிவில் முணுமுணுப்பதை, வீட்டில் இருந்தபடியே கேட்டு, பிசகில்லாமல் அறிக்கையாகத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறாள். எலும்பு டாக்டர் பேசுவது அவர் மனைவிக்கே புரியாது, காதுக்காரிக்குப் புரியும் என்று அங்கே ஒரு கேலி உண்டு.

படுக்கையறை ஜன்னலோரம் மேசை, மேசைமேல் கணினி. பஸ் ஓட்டப் போகும் வீட்டுக்காரரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் மதியம்தான் எழுந்திருப்பாள். யார் உடம்பில் என்ன கோளாறு என்பதெல்லாம் அவள் விரல் வழியாகப் போகும். வாய் வழியாக ஒருநாளும் போனதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவளுக்குக் காதில்தான் முதலில் உறுத்தியது. வேலையை முடித்து எல்லாவற்றையும் மூடிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணினிக்குள் இருக்கும் ஃபேன் திடீரென்று இரைய ஆரம்பித்தது. பெரிய வேலை ஏதாவது நடந்தால்தான் அது அப்படி இரையும். திரையில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் உள்ளே யார் வேலை செய்கிறார்கள்?

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அதற்கும் வயசாகிவிட்டது, மாடி ஏறினால் தனக்குந்தான் மூச்சு வாங்குகிறது என்றார் அவர். அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

மறுநாள் இணையத்தைத் திறந்தால், அவள் கண்டிராத ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நின்றது. மாற்றி வைத்தாள். அடுத்த நாள் காலை அதே பக்கம் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. தட்டுகிற எழுத்து, யோசித்து யோசித்து வருவதுபோல ஒரு நொடி தாமதித்துத் திரையில் விழுந்தது. வைரஸ் தடுப்பைத் திறந்து பார்த்தாள், நிறுத்தப்பட்டிருந்தது. நிறுத்தியது அவள் இல்லை. அதை ஓட வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தானாக அணைந்தது.

அந்த அறையில் அவளைத் தவிர வேறு ஆளில்லை. இருந்தும் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, தலைக்குக் குளித்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தவளை நாத்தனார் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, என்னமோ ஃபைல் அனுப்பியிருக்கீங்களே, திறக்கவே மாட்டேங்குது?"

"நான் எதுவும் அனுப்பலையே."

"உங்க பேர்லதான் வந்திருக்கு. அவசரம், உடனே பாருன்னு."

அதைத் தொடாதே, அழித்துவிடு என்று சொல்லிக்கொண்டே மேசைப் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். திரைக்கு மேலே கேமராவின் ஓரத்தில் குட்டியாக ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேமராவை அவள் ஆறு மாதமாகத் தொட்டதே இல்லை.

தன் வீட்டிலேயே திருடியைப்போலச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தாள். துண்டை இழுத்துப் போர்த்துக்கொண்டாள். எத்தனை நாளாக இந்த விளக்கு எரிகிறது? இந்த அறையில்தானே உடுத்துகிறாள், இந்த அறையில்தானே தூங்குகிறாள்? ஒரே எட்டில் போய் இணைய ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கட்டிலில் கிடந்த தலையணை உறையை உருவித் திரைமேல் போட்டு மூடினாள். உறைக்குள்ளும் அந்தப் பச்சை தெரிந்தது.

அதைவிடப் பெரிய பயம் கொஞ்ச நேரம் கழித்து வந்தது. அந்தப் பெட்டிக்குள் நாற்பத்து மூன்று பேருடைய அறிக்கைகள் இருந்தன. அதில் ஒன்று மேல்வீட்டு அக்காவுடையது. மார்பில் கட்டி, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது என்று போன வாரம்தான் காதுக்காரியே தட்டச்சு செய்தாள். பெயரைப் பார்த்ததும் கை ஒரு நிமிஷம் நின்றது. அன்று சாயங்காலம் படியில் பார்த்தபோது, துணிக்கடைக்குப் போய்விட்டு வருவதாகவும் அங்கே ஒரே கூட்டம் என்றும் அக்கா சொன்னாள். இவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். பெற்ற பிள்ளைகளிடம்கூட அக்கா சொல்லாத சேதி, இப்போது முகம் தெரியாத எவன் கையில் இருக்கிறதோ.

சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டு வெலவெலத்துப் போனார். ஆனால் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடலாம், ஆஸ்பத்திரிக்குச் சொன்னால் வேலை போய்விடும் என்றார்.

"யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

அவர் கிளம்பிப் போனதும் அரைமணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பதிவேட்டுப் பிரிவு அதிகாரியைக் கூப்பிட்டு, மூச்சு விடாமல் அத்தனையும் சொன்னாள். அந்தம்மா திட்டவில்லை. கணினியில் எதையும் தொட வேண்டாம், அதில் உட்கார்ந்து கடவுச்சொல் மாற்ற வேண்டாம், மாற்றுவதும் உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்துவிடும், போனிலிருந்து மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தொழில்நுட்பக்காரர் வந்தார். கணினி எழும்போதே கூடவே எழுகிற நிரல்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒன்றில் நிறுத்தினார். கணினியின் சொந்த நிரல் ஒன்றின் பெயர்தான், ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறியிருந்தது. அவள் தட்டுவதையெல்லாம் அது சேர்த்து வைத்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்ததாம். சமீபத்தில் புதிதாக எதையாவது இறக்கினீர்களா என்று கேட்டார். மூன்று வாரத்துக்கு முன் இலவசமாகக் கிடைத்த ஒன்றை இறக்கியிருந்தாள். ஒலிப்பதிவில் இரைச்சலைக் குறைக்கும் என்று போட்டிருந்தது. எலும்பு டாக்டர் பேச்சு இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்குமே என்ற ஆசை.

"அதோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு," என்றார்.

"என்னென்ன போயிருக்கு சார்?"

"போயிருக்குன்னு சொல்ல முடியும். எது எதுன்னு சொல்ல முடியாதும்மா."

அந்தப் பதில்தான் அவளை ராப்பகலாக அரித்தது. கணினியை எடுத்துப் போனார்கள். வேலையையும் நிறுத்தி வைத்தார்கள். நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் போனது. மேலே அக்கா நடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

நான்காம் நாள் மணி அடித்தது. கையில் கடிதத்தோடு அக்கா நின்றாள்.

"அறிக்கை தட்டச்சு செய்றவங்க வீட்டுக் கணினியிலேர்ந்து வெளியே போயிருக்கலாம்னு இதுல போட்டிருக்கு. அது நீதானே?"

"ஆமா அக்கா."

"அப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டே என்கிட்ட துணிக்கடைக் கதை கேட்டுட்டிருந்தியா?"

சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று எப்படியோ முணுமுணுத்தாள். அக்கா கடிதத்தை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மாடி ஏறிப் போய்விட்டாள்.

பத்து நாள் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. படியில் எதிர்ப்பட்டால் அக்கா கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு போவாள். இதற்கிடையில் ஆஸ்பத்திரி காதுக்காரியை வேலையிலிருந்து நீக்கவில்லை. மறைக்காமல் சொன்னதால் மற்ற கடவுச்சொற்களையாவது நேரத்துக்கு மாற்ற முடிந்தது என்று அதிகாரி எழுதி வைத்தாராம். இனி வீட்டில் செய்யக்கூடாது, அங்கேயே வந்து, அங்கே இருக்கும் கணினியில்தான் செய்ய வேண்டும் என்றார்கள். பயத்துக்கு அதுவே மேல் என்று ஒத்துக்கொண்டாள்.

முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது அக்கா படியடியில் நின்றிருந்தாள், பைக்குள் ஸ்கேன் உறை நீட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு இன்னைக்கு ரிசல்ட். பசங்ககிட்ட இன்னும் சொல்லல. நீ அங்கதானே போறே?"

"ஆமா அக்கா."

"அப்போ வா, ஒண்ணாவே போகலாம்."

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா இவள் கையைப் பிடித்தாள். இரண்டு கையுமே சில்லென்று இருந்தன.