சுவிட்ச்போர்டில் கேட்ட 'பாம்'

"ஐ பாம்ட் இட்" என்று அந்தக் குரல் சொன்னதும் பிளக்கைப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலம் அது. ஊரில் அங்கங்கே குண்டு வெடித்து ஆட்கள் செத்திருந்தார்கள். தேக்கா மார்க்கெட்டில் ஒரு பை தனியாகக் கிடந்தால் போதும், மீன் வாங்க வந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

பேசியது டேவிட். மூன்றாம் மாடியில் குடும்பத்தோடு மாதக்கணக்கில் தங்கியிருந்த அமெரிக்க எஞ்சினியரின் மகன். அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கடைசி வகுப்பு. போன் கால் இணைந்ததா என்று பார்க்கத்தான் ஆபரேட்டர் லைனில் இருக்கலாம். அதற்குமேல் கேட்டால் வேலை போய்விடும். ஆனால் குண்டு என்ற அந்தச் சொல்லைக் கேட்டபின் என்னால் விலக முடியவில்லை.

"திங்கக்கிழமை லேப். அதையும் பாம் பண்ணத்தான் போறேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவார்" என்று ஆங்கிலத்தில் நண்பனிடம் சொன்னான்.

எந்த லேப்? என் தம்பி ஆஸ்பத்திரி லேபில்தான் வேலை பார்த்தான். வேலை போனால் போகட்டும் என்று உதவி மேனேஜர் செல்வதுரை சாரிடம் ஓடினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர்.

"பிள்ளை, 'பாம்' எண்டுதான் சொன்னவனோ? வடிவா, தெளிவாக் கேட்டனீரோ?"

"ரெண்டு தடவ சொன்னான் சார்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே போலீஸுக்கு போன் செய்தார்.

மேனேஜர் அறையில் ஒரு மலாய் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். டேவிட்டையும் அவன் அப்பாவையும் அழைத்துவந்தார்கள். என்னைக் கதவருகே நிற்கச் சொன்னார்கள். என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டதை இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டி, "திங்கட்கிழமை என்ன செய்யப் போகிறாய்?" என்றார்.

டேவிட் வாயே திறக்கவில்லை. மறுபடி கேட்டார். "சொல்லித் தொலைடா!" என்று அப்பா மேசையைத் தட்டினார். அப்போதும் அவன் சொல்லவில்லை. குற்றவாளிதான் என்று எனக்கே தோன்றிவிட்டது. இன்ஸ்பெக்டர் எழுந்து கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். அவன் கண் போலீஸ்காரர்கள் பக்கம் போகவே இல்லை. அப்பாவையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். என்னையறியாமல் கேட்டுவிட்டேன்: "டேவிட், நீ எதை பாம் பண்ணினே?"

"ஹிஸ்டரி, மேடம்." அழுகை வெடித்தது. "பரீட்சையில ஃபெயிலானா நாங்க அப்படித்தான் சொல்வோம். திங்கக்கிழமை ஃபிசிக்ஸ் லேப் டெஸ்ட். அதுவும் போயிடும். எனக்கு காலேஜ் கிடைக்காது, டாட்."

இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்தார். "அப்படி ஒரு பேச்சு உண்டா?"

"எங்க காலத்துல 'ஃபிளங்க்'னு சொல்வோம். இது எனக்குத் தெரியாது" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு போன் போட்டார். ஹிஸ்டரி ஆசிரியை ஆமாம் என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் விடாமல் சிரித்தாராம். எங்கள் அறையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் வெளியே வந்த பிறகும் அப்பாவும் மகனும் வெகுநேரம் உள்ளேயே இருந்தார்கள்.

செல்வதுரை சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமேல் லைன்ல நிண்டு கேக்கக் கூடாது." இரண்டடி போய்த் திரும்பினார். "ஆனா இப்பிடி ஏதும் காதில விழுந்தா என்னட்ட வாரும்."

திங்கட்கிழமை மதியம் டேவிட் பள்ளியிலிருந்து போன் செய்து அப்பாவைக் கேட்டான். இணைத்த உடனே விலகிக்கொண்டேன். என்ன ஆயிற்றோ என்று மனசு அடித்துக்கொண்டது. மாலையில் அந்த அப்பாவே என் கவுண்டருக்கு வந்தார். "பாஸ். தட்டுத்தடுமாறி" என்றார். முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

பிறகு பல வருஷம் புது ஆபரேட்டர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். அவர்களிடம் சொன்னது இதுதான்: புரியாத சொல் காதில் விழுந்தால் சொன்னவரிடமே அர்த்தம் கேளுங்கள். உங்கள் பயத்திடம் கேட்காதீர்கள். அது எப்போதும் ஒரே பதில்தான் சொல்லும்.