பசை வாசனை

மேல்மலையனூர் பஸ் கண்டக்டரின் காதில் பென்சிலும், சட்டைப்பையில் சிகரெட் பெட்டிக்குள் வரும் கிரிக்கெட் ஆட்டக்காரர் படங்களும் இருக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் அந்தப் படங்கள் வருவது நின்றுபோனது. அதன்பிறகு யார் படம் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினார்.

அமாவாசையன்று செஞ்சியிலேயே பஸ் நிரம்பிவிடும். படம் கொடுப்பவருக்குத்தான் முன் சீட்டு. அதற்காக, பத்திரிகைப் படத்தைக் கத்தரித்து அட்டையில் கஞ்சிப்பசையால் ஒட்டி இரண்டு முறை அவரை ஏமாற்றினேன். முகர்ந்துவிட்டு இடம் கொடுத்தார். மூன்றாம் முறை மனசு உறுத்தியது. அசல் படம் ஒன்றைத் தேடிப் பிடித்து நீட்டினேன். முகர்ந்தார், திருப்பிக் கொடுத்தார்.

"அசலு வேணாம் சார். அத்த வுட்டுட்டேன். இப்ப ஒட்டுனதுதான் சேக்கறேன். குடுத்தவங்க பேரைப் பின்னால எழுதி வெச்சிருக்கேன்."

அவர் முகத்தில் கோபமே இல்லை. நின்றுகொண்டே போனேன். முன் சீட்டில் இருந்த பெரிய மனிதரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.